நீலாம்பாள் அழாமல் இருந்த வருஷங்கள்

மருதையன் இறந்த அன்று அவன் மனைவி நீலாம்பாள் அழவில்லை. வலங்கைமானுக்குக் கிழக்கே குடமுருட்டிக் கரையை ஒட்டிய ஆதனூர்க்குடிக் காலனியில் அப்படி ஒரு சாவை யாரும் பார்த்ததில்லை. பறை முழங்கிக்கொண்டிருக்கிறது. பெண்கள் கட்டிப்பிடித்து மாரடித்து அழுகிறார்கள். அவள் மட்டும் சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். யாரோ ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். முழுவதையும் குடித்துவிட்டு இன்னொரு சொம்பு கேட்டாள்.

மருதையனின் தங்கை வேம்பு அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"அழுடி. ஒரு சொட்டாவது விடுடி. என் அண்ணன் அப்புடி என்ன பண்ணிப்புட்டான் ஒனக்கு?"

நீலாம்பாள் அவளைப் பார்த்தாள். பார்வை வேம்பின் முகத்தில் நிற்காமல் தாண்டிப் போயிற்று. "உடம்பு வலிக்குது, விடு" என்றாள். வேம்பு கையை எடுத்துக்கொண்டு, "கல்லு. நீ பொம்பளை இல்ல, கல்லு" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

பேராவூரணியில் பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்த மகள் செவ்வந்தி இதையெல்லாம் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரே பெண். முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். போய்வருகிறேன் என்று அம்மாவிடம் அவள் சொல்லவில்லை.

இத்தனைக்கும் அந்த ஊரிலேயே பெரிய குரல் நீலாம்பாளுடையதுதான். நடவு ஆட்களுக்கு அவள்தான் முன்னால் நிற்பவள். அவள் சிரித்தால் நாலு வயல் தாண்டிக் கேட்கும். ஏசினால் ஆற்றுக்கு அக்கரையில் போகிறவன்கூட நின்று திரும்பிப் பார்ப்பான். அறுபதுகளின் கடைசியில் கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு டெல்டா முழுக்கச் சண்டை நடந்தது. கூட்டித் தர மனமில்லாத பெரிய மிராசுதார் வைத்தியலிங்கம் தெற்கேயிருந்து லாரியில் ஆள் இறக்கினார். ஆண்கள் எல்லாம் வரப்பில் நின்று என்ன செய்வதென்று பேசிக்கொண்டிருந்தபோது, நீலாம்பாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கி நாற்று முடிகளின் நடுவில் போய் நின்றாள்.

"இந்த வயல்ல எங்க ஆத்தா நட்டா, நான் நட்டேன். இன்னைக்கி வேற ஆளு நடணும்னா என்னையுஞ் சேத்து நட்டுட்டுப் போங்க" என்றாள்.

இறக்கி வைத்த ஆட்களும் கூலிக்காரர்கள்தானே. அவர்கள் கரையேறிவிட்டார்கள். அன்று மிராசுதாரின் வயல் வேலைகளை மேற்பார்த்த காரியக்காரனின் தடி அவள் முதுகில் விழுந்தது. அந்தத் தழும்பை அவள் கடைசிவரை பெருமையாகத்தான் காட்டினாள்.

புது ஆட்சி வந்து நில உச்சவரம்பைக் குறைத்துச் சட்டம் போட்டபோது, வைத்தியலிங்கம் சொந்தக்காரர், கணக்குப்பிள்ளை, செத்துப்போன மாமியார் என்று பல பெயரில் எழுதி வைத்திருந்த நிலத்தில் ஒரு பகுதியை உபரி என்று எடுத்தார்கள். காலனிக் குடும்பங்களுக்கு ஆளுக்கு மூன்று மா, ஏறக்குறைய ஒரு ஏக்கர், பட்டா கிடைத்தது. மருதையனுக்கும் நீலாம்பாளுக்கும் வாய்க்காலை ஒட்டிய நல்ல மண் வாய்த்தது. முதல் அறுப்பன்று மருதையன் களத்து நெல்லைக் கையில் அள்ளி, என்ன பேசுவதென்று தெரியாமல், "இந்தா புள்ள, மோந்து பாரு" என்று அவள் மூக்குக்கு நேரே நீட்டினான். எல்லார் முன்னாலும் அப்படிச் செய்துவிட்டானே என்று அவள் அவனைத் துரத்திக்கொண்டு ஓடினாள். அவன் அதிகம் பேசாதவன். இவள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பதே அவனுக்குப் போதும்.

வைத்தியலிங்கம் விடவில்லை. கோர்ட்டுக்குப் போய் ஸ்டே வாங்கினார். ஸ்டேயை உடைத்தார்கள். அவர் மேல்கோர்ட்டுக்குப் போனார். வாய்தா வாய்தாவாக வருஷங்கள் ஓடின. ஒவ்வொரு சாகுபடிக்கும் போலீஸ் வந்தது. ஒவ்வொரு முறையும் நீலாம்பாள் முன்னால் நின்றாள்.

எண்பதுகளின் கடைசியில் அவளுக்கு ஐம்பது வயது ஆகியிருக்கும். தீட்டு நின்று சில வருஷங்கள் ஆகியிருந்தன. அந்தச் சமயத்தில் அவள் மெல்ல மெல்ல மாறத் தொடங்கினாள்.

முதலில் தாகம்தான் வந்தது. வயலுக்குப் போகும்போது ஒரு குடம் தண்ணீர் தனக்கென்று கொண்டு போனாள். அடிக்கடி கருவமரத்துப் பக்கம் ஒதுங்கினாள். நடவுப் பெண்கள் கேலி பேசினார்கள். அவளும் சிரித்தாள். பிறகு கேலி பேசினால் சிரிப்பு வரவில்லை. வயிறு கல்லாக இறுகிக் கிடந்தது. சோற்றைப் பார்த்தால் குமட்டியது. குனிந்தால் முதுகிலும், நிமிர்ந்தால் தொடையிலும் வலி எடுத்தது. எலும்புக்குள்ளே யாரோ உட்கார்ந்து சுரண்டுவதைப் போல இருந்தது. குடத்தை இடுப்பில் தூக்கி வைக்கும்போது ஒருநாள் கை மணிக்கட்டு படக்கென்று ஒடிந்தது. குடம் அப்படி ஒன்றும் பெரியதில்லை. நாட்டு வைத்தியர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டிவிட்டார். அது கோணலாகக் கூடியது.

உடம்பைவிட உள்ளே நடந்ததுதான் அவளுக்குப் புரியவில்லை. யாராவது பேசினால் காதில் விழுகிறது, ஆனால் பதில் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை. பதில் சொல்ல நினைத்தாலும் வார்த்தை எங்கோ அடியில் கிடக்கிறது. அதை எடுத்து வருவதற்குள் அசதி வந்துவிடுகிறது. உலையில் அரிசி போட்டோமா இல்லையா என்று மறந்துபோகிறது. தன்னை எல்லாரும் பார்க்கிறார்கள் என்று தெரிகிறது. அதைப் பற்றிக் கவலைப்படக்கூட முடியவில்லை. பனிக்காலத்து விடியலில் எதிர் வரப்பு தெரியாமல் இருக்குமே, அப்படி ஒரு மூட்டம். அவளுக்கு அது விலகவே இல்லை.

வலங்கைமானில் ஒரு டாக்டரிடம் மருதையன் அவளை அழைத்துப் போனான். அவர் ஊசி போட்டு, வலி மாத்திரை கொடுத்து, "வயசாகுதுல்ல, இப்படித்தான் இருக்கும்" என்றார். மருதையன் அதற்குத் தலையாட்டினான். ஆனால் வெளியே வந்ததும், "ஒனக்கு என்ன வயசாயிருச்சு?" என்று அவளிடமே கேட்டான். அவள் பஸ் வரும் திசையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்த வருஷம்தான் வைத்தியலிங்கத்தின் மகன் ராஜி பேச ஆள் அனுப்பினான். பாதி நிலத்தை விட்டுக்கொடுத்தால் வழக்கை வாபஸ் வாங்கிக்கொள்கிறோம், மீதி எப்போதைக்கும் உங்களுடையது என்றான். விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் வேண்டாம் என்றார்கள். காலனியில் பாதிப் பேர் களைத்துப்போயிருந்தார்கள். மருதையனும் களைத்திருந்தான். ஆனால் நீலாம்பாளைக் கேட்காமல் அவன் ஒரு நாளும் எதுவும் செய்ததில்லை. ஒரு சாயங்காலம் அவள் பக்கத்தில் வந்து குந்தினான்.

"ராஜிக்கு ஒத்துக்கலாங்கறாங்க. நீ என்ன சொல்ற?"

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

"நீலா. நம்ம பங்குல வாய்க்காங்கரை வயலுதான் போவும். சொல்லு புள்ள. வேணாம்னா வேணாம்."

"உன் இஷ்டம்" என்றாள்.

அவன் வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தான். அவள் எழுந்து உட்கார்ந்து கத்துவாள், துடைப்பத்தை எடுப்பாள் என்று எதிர்பார்த்திருப்பான் போலிருக்கிறது. அவள் தூங்கிப்போனாள். மறுவாரம் அவன் தாலுகா ஆபீஸில் போய்க் கைநாட்டு வைத்தான்.

அதன் பிறகு அவள் பேச்சு இன்னும் குறைந்தது. ஊர் அதற்கு ஒரு காரணம் கண்டுபிடித்தது. நிலம் போன துக்கம், புருஷன் மேல் ஆறாத கோபம் என்றார்கள். நடவுப் பெண்கள் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள். மருதையன் காதிலும் அது விழுந்தது. அவன் நம்பினான். நம்புவதற்கு எல்லாமே சரியாகத்தான் இருந்தது.

அவளைச் சமாதானப்படுத்த அவன் தனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்தான். ஆற்றில் விரால் பிடித்து வந்து தானே குழம்பு வைத்தான். வலங்கைமான் மாரியம்மனுக்குப் பாடைக்காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டான். பெரிய நோயிலிருந்து பிழைத்தவர்கள் பிணம் போலப் பாடையில் படுத்து அம்மனைச் சுற்றி வரும் பிரார்த்தனை அது. பிழைத்த பிறகு எடுப்பதுதான் வழக்கம். அவள் சரியாகட்டும் என்று அவன் முன்கூட்டியே எடுத்தான். பங்குனி வெயிலில் பச்சை மட்டைப் பாடையில் கட்டிக் கிடத்தி, வாய்க்கட்டுப் போட்டு, முன்னால் கொள்ளிச்சட்டியோடு அவனைத் தூக்கிப் போனார்கள். வேம்பு நீலாம்பாளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பின்னால் நடந்தாள். நெற்றியில் காசு வைத்துக் கண்ணை மூடிக் கிடக்கிறவன் தன் புருஷன் என்று நீலாம்பாளுக்குத் தெரிந்தது. அதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை. நாக்கு ஒட்டிக்கொண்டது. நீர்மோர்ப் பந்தலைக் கண்டதும் கையை விடுவித்துக்கொண்டு அங்கே போய் நின்றுவிட்டாள். பாடையை இறக்கிக் கட்டை அவிழ்த்ததும் மருதையன் எழுந்து உட்கார்ந்து கூட்டத்தில் அவளைத் தேடினான்.

அடுத்து வந்த வருஷங்களில் மேட்டூர் அணையும் காலத்தில் திறக்கவில்லை. குறுவை போயிற்று. மருதையனுக்கு நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது. மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரியில் சில நாள் வைத்திருந்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். அவன் படுக்கையில் விழுந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்தது பெரும்பாலும் வேம்புதான். நீலாம்பாள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் மத்தியானம் வேம்பு வெளியே போன நேரத்தில் அவன் கையை நீட்டி அவள் முழங்காலைத் தொட்டான்.

"என் மேல இன்னுங் கோவமா?"

"ஒண்ணுமில்ல."

"என்னமோ இருக்கு. வையேன். நாலு வார்த்தை வைஞ்சிடேன்."

"ஒண்ணுமில்லய்யா. அசதியா இருக்கு."

அவன் கையை எடுத்துக்கொண்டான். அதற்குப் பிறகு அவன் கேட்கவில்லை. அந்த வார முடிவில் போய்விட்டான்.

அவன் போன பிறகும் நீலாம்பாள் அந்த வீட்டில் அப்படியே இருந்தாள். வேம்பு பேசுவதில்லை. செவ்வந்தி மாதம் ஒரு தடவை ஆள் மூலம் அரிசி அனுப்பினாள், தான் வரவில்லை. நீலாம்பாள் குள்ளமாகிக்கொண்டே போனாள். முதுகு வளைந்தது. சேலையை முன்னைவிட உயர்த்திக் கொசுவ வேண்டியிருந்தது. அவனுக்கு மூன்றாம் வருஷத் திதி முடிந்து கொஞ்ச நாளில், வாசற்படியைத் தாண்டும்போது கால் மடங்கி விழுந்தாள். தடுக்கி விழவில்லை. இடுப்பெலும்பு முதலில் ஒடிந்து, பிறகுதான் அவள் விழுந்தாள் என்று பின்னால் டாக்டர் சொன்னார்.

செவ்வந்தி வந்தாள். கடமைக்குத்தான் வந்தாள். வண்டி வைத்துத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தாள். அம்மாவின் தலைமாட்டில் உட்காராமல் ஜன்னலோரம் போய் நின்றுகொண்டாள்.

எக்ஸ்ரேயைப் பார்த்தவர் டாக்டர் ஜெக்கரியா. நடுவயதுக்காரர், நிதானமாகப் பேசுகிறவர். படத்தை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு நீலாம்பாளின் விரல்களைப் படம் எடுக்கச் சொன்னார், வயிற்றை ஸ்கேன் எடுக்கச் சொன்னார், ரத்தம் எடுத்து மெட்ராசுக்கு அனுப்பினார். முடிவு வந்த அன்று செவ்வந்தியைக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே உட்காரவைத்துச் சொன்னார். நீலாம்பாள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"கழுத்துல தைராய்டுன்னு ஒரு சுரப்பி இருக்குல்ல டீச்சர், அதுக்குப் பின்னால உளுந்து மாதிரி நாலு சின்னச் சுரப்பி ஒட்டிக்கிட்டிருக்கும். பாராதைராய்டுன்னு பேரு. ரத்தத்துல கால்சியம் எவ்வளவு ஓடுதுன்னு பாத்துக்கிட்டே இருக்கறதுதான் அதுக்கு வேலை. கொறைஞ்சா ஒரு ஹார்மோனை அனுப்பி எலும்புலேருந்து எடுத்து ரத்தத்துல விடும். போதும்னா நிறுத்திக்கும்."

"சரிங்க."

"வயசாக ஆக அந்த வேலை கஷ்டமாயிடும். சாப்பாட்டுலேருந்து குடல் கால்சியத்தை எடுக்கறது கொறையும். தோல் வெயில்லேருந்து வைட்டமின் டி பண்றது கொறையும். அதைப் பக்குவப்படுத்தற கிட்னியும் தளர்ந்துபோகும். அப்ப ரத்தத்துக்கு வேண்டியதை எலும்புலேருந்துதான் எடுத்தாகணும். அதனால அந்த ஹார்மோன் வருஷத்துக்கு வருஷம் ஏறும். பொம்பளைங்களுக்குத் தீட்டு நிக்கிறவரைக்கும் எலும்புக்குக் காவலா இன்னொரு ஹார்மோன் இருக்கும். அதுவும் போயிடும். இதெல்லாம் எல்லாருக்கும் நடக்கறது. எனக்கும் நடக்கும், ஒங்களுக்கும் நடக்கும்."

அவர் படத்தைத் திருப்பிக் காட்டினார். செல்லரித்த காகிதம்போல விரல் எலும்பின் ஓரமெல்லாம் பிய்ந்திருந்தது.

"ஒங்கம்மாவுக்கு அதுக்கு மேல ஒண்ணு நடந்திருக்கு. நாலுல ஒரு சுரப்பி பெருத்துப்போச்சு. ரத்தத்துல கால்சியம் தேவைக்கு மேல நெறஞ்சும் அதுக்கு நிறுத்தத் தெரியல. எடுத்துக்கிட்டே இருக்கு. அதான் எலும்பு இப்படி. கிட்னியில ரெண்டு பக்கமும் கல்லு இருக்கு."

"ஆபரேஷன் பண்ணா சரியாகுமா டாக்டர்?"

"அந்தச் சுரப்பியை எடுத்துட்டா ரத்தம் சரியாயிடும். எலும்பு கொஞ்சம் கொஞ்சமாத் தேறும். ஒடிஞ்சு கோணினது கோணினதுதான்." அவர் படத்தை உறைக்குள் போட்டார். "இவங்க எப்படி இருப்பாங்க வீட்டுல? பேசுவாங்களா?"

செவ்வந்தி கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். "முன்னாடி ரொம்பப் பேசுவாங்க. இப்பப் பல வருஷமா இல்லைங்க. எதுலயும் ஒட்டுதல் இல்லை. வீட்டுல ஒரு பிரச்சினை, அதுலேருந்து..."

"கால்சியம் ஏறினா மூளை மந்தமாயிடும். தாகமா இருக்கும், அடிக்கடி ஒண்ணுக்கு வரும், பசிக்காது, மறதி வரும். சந்தோஷம் துக்கம் எதுவும் மனசுல எறங்காது. பாக்கறவங்க வயசாச்சும்பாங்க, மனசு சரியில்லைம்பாங்க."

"எத்தனை வருஷமாங்க இது இருந்திருக்கும்?"

"தேதி சொல்ல முடியாது. ஆனா எலும்பைப் பாத்தா ஏழெட்டு வருஷத்துக்குக் குறையாது."

செவ்வந்தி எழுந்தாள். திரும்பவும் உட்கார்ந்தாள். "எங்கப்பா போயி மூணு வருஷந்தாங்க ஆவுது" என்றாள். பள்ளிக்கூடத் தமிழ் போய் ஊர்ப் பேச்சு வந்துவிட்டது. டாக்டருக்கு அது ஏன் என்று புரிந்திருக்காது. அவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, சிஸ்டரைக் கூப்பிட்டுத் தண்ணீர் கொடுக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

இடுப்பில் தகடு வைத்தார்கள். சில வாரம் கழித்துக் கழுத்தைத் திறந்து அந்தச் சுரப்பியை எடுத்தார்கள். புளியங்கொட்டையைவிடப் பெரியதாக இருந்ததாம். அன்று ராத்திரி தொடங்கி நீலாம்பாளின் உதடும் விரல் நுனியும் மரத்துச் சுருசுருத்தன. கை விரல்கள் தானாகக் குவிந்து இழுத்துக்கொண்டன. இத்தனை வருஷம் பட்டினி கிடந்த எலும்பு இப்போது ரத்தத்திலிருந்து கால்சியத்தை அள்ளிக்கொள்கிறது, பயப்பட வேண்டாம் என்று சொல்லி, பாட்டில் பாட்டிலாக ஏற்றினார்கள். இழுத்துக்கொண்ட விரல்களைச் செவ்வந்தி ஒவ்வொன்றாக நீவிவிட்டாள். நெடுநாளைக்குப் பிறகு அவள் அம்மாவைத் தொட்டது அப்போதுதான்.

ஒரு காலையில் நீலாம்பாளுக்குப் பசித்தது. வார்டு வாசலில் யாரோ தூக்குவாளியைத் திறக்க, சாம்பார் வாசனை வந்தது. வாயில் எச்சில் ஊறியது. பக்கத்துக் கட்டில்காரி, திருப்பனந்தாள் பக்கத்துப் பெண், தன் மாமியார் ஆஸ்பத்திரிக்கு வந்தும் பூ வைத்துக்கொண்டு வருகிறாள் என்று குறை சொன்னாள். நீலாம்பாள் சிரித்தாள். சத்தமாகவே சிரித்தாள். குரல் கரகரவென்று வந்தது. செவ்வந்தி கையிலிருந்த டம்ளரோடு அப்படியே நின்றாள். சின்ன வயதில் வயல் தாண்டிக் கேட்ட சிரிப்பு அது.

"அம்மா" என்றாள்.

"மருமகளைவிட மாமியாதான் புதுப்பொண்ணு போலிருக்குடி" என்று இன்னும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு முடிகிற இடத்தில் அவள் முகம் மாறியது. வாய் கோணியது. வார்டு முழுக்கக் கேட்கும்படி ஒரு சத்தம் அவளிடமிருந்து வந்தது. சிஸ்டர் ஓடிவந்தாள். தையல் பிரிந்துவிட்டதோ என்று பயந்து செவ்வந்தி அம்மாவின் கழுத்தைப் பார்த்தாள்.

"எங்கம்மா வலிக்குது? எங்க?"

"ஒங்கப்பன் போயிட்டான்டி."

"அம்மா, அப்பா போயி மூணு வருஷமாச்சும்மா. நெனைவில்லையா?"

"தெரியும்டி. எல்லாந் தெரியும். பக்கத்துலதானே குந்தியிருந்தேன். எல்லாம் நெனைவிருக்கு." அவள் மகளின் கையைப் பிடித்துத் தன் மார்பில் அடித்துக்கொண்டாள். "இப்பத்தான் வலிக்குது. இப்பத்தான்டி வலிக்குது."

மறந்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அவளுக்கு எதுவும் மறக்கவில்லை. பாடையிலிருந்து எழுந்து கூட்டத்தில் அவன் தேடியது, விரால் குழம்பை அவள் ஒதுக்கி வைத்தது, முழங்காலைத் தொட்ட கையை அவன் எடுத்துக்கொண்டது என்று ஒவ்வொன்றாக வந்தது. அப்போது சும்மா பார்த்துக்கொண்டிருந்ததெல்லாம் இப்போது ஒரேயடியாக உள்ளே இறங்கியது.

"கோவமான்னு கேட்டாண்டி. ஒண்ணுமில்லன்னேன். நெசமாவே ஒண்ணுமில்ல. கோவப்படறதுக்குக்கூட என்கிட்ட எதுவும் இல்ல. அவன் நம்பாமலேயே போயிட்டான்."

செவ்வந்தி கட்டிலில் ஏறி அம்மாவைக் கட்டிக்கொண்டாள். அவளும் அழுதாள். அப்பாவுக்காக அவள் ஏற்கெனவே அழுது முடித்திருந்தாள். இப்போது அழுதது, அரிசியை மட்டும் அனுப்பிவிட்டுத் தான் போகாமல் இருந்த அந்த மூன்று வருஷத்துக்காக.

கோல் ஊன்றி நடக்க வந்ததும் நீலாம்பாள் ஊருக்குப் போகவேண்டும் என்றாள். ஆதனூர்க்குடியில் வீட்டைத் திறந்ததும் எதிர்வீட்டு வேம்பு வாசலுக்கு வந்தாள். நீலாம்பாள் அவளைப் பார்த்ததும் கையை நீட்டி அழுதாள். வேம்பு நகரவில்லை.

"அன்னைக்கி அழுவாதவ இன்னைக்கி யாருக்குக் காட்டறதுக்கு அழுவுற?"

செவ்வந்தி குறுக்கே வந்து சொன்னாள். சுரப்பி, ரத்தம், கால்சியம் என்று தனக்குத் தெரிந்த மட்டும் எளிமையாகச் சொன்னாள். வேம்பு பாதி கேட்டாள். நம்புவதா வேண்டாமா என்று அவளுக்குத் தெரியவில்லை. அண்ணியின் வளைந்த முதுகையும் கழுத்துத் தழும்பையும் மாறி மாறிப் பார்த்தாள். கடைசியில் வாசல் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அவன் தெனம் அந்த வாய்க்காங்கரை வயல்ல போயி நிப்பான்" என்றாள் வேம்பு. "விட்டுக்குடுத்த வயலுதான். என்னண்ணே இங்க நிக்கிறன்னா, இதுக்குத்தான் அவ என்கிட்ட பேசமாட்டேங்கிறா, நான் பண்ணுனது துரோகந்தானேம்பான். சாவற வரைக்கும் அதையேதான் சொன்னான். நானும் ஆமாம்னே அவங்கிட்ட. ஆமாம், நீ பண்ணுனது துரோகந்தான்னேன்."

அதைச் சொன்னதும் வேம்பு வாயைப் பொத்திக்கொண்டாள். நீலாம்பாள் கோலைப் போட்டுவிட்டு மெல்லத் தரையில் இறங்கி அவளருகே உட்கார்ந்தாள். இரண்டு பேரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, மூன்று வருஷத்துக்கு முன் பந்தலில் அழவேண்டிய அழுகையை அழுதார்கள். காலனிப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து சுற்றி நின்றார்கள். முதலில் யாருக்கும் என்ன செய்வதென்று புரியவில்லை. பிறகு ஒருத்தி உட்கார்ந்து சேர்ந்துகொண்டாள். இன்னொருத்தியும் உட்கார்ந்தாள்.

மறுநாள் செவ்வந்தி அவளைச் சுடுகாட்டுப் பக்கம் அழைத்துப் போனாள். வாய்க்காலுக்கு அக்கரையில் இருக்கிறது சுடுகாடு. போகிற வரப்பு ஒற்றையடி, சேறு வேறு. தகடு வைத்த இடுப்போடு அதில் நடக்க முடியாது. இந்தக் கரையிலேயே நின்றுவிட்டார்கள்.

நீலாம்பாள் நிமிர்ந்து நிற்கப் பார்த்தாள். முதுகு நிமிரவில்லை.

"யோவ்" என்று கூப்பிட்டாள். "கோவமில்லய்யா. எனக்கு ஒடம்பு சரியில்லாம இருந்துச்சு. அவ்வளவுதான்யா."

பழைய குரல் இல்லை. வாய்க்காலைக்கூட அது தாண்டியிருக்குமா தெரியாது. வாய்க்காலில் தண்ணீர் நிறைய ஓடிற்று. கோலை மாற்றி ஊன்றிக்கொண்டாள். "ராஜிக்கு ஒத்துக்கிட்டியே, அதுக்கு வேணா கோவம். நான் நல்லாயிருந்திருந்தா ஒன்னக் கொன்னேபோட்டிருப்பேன்" என்றாள். சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அவள் பேராவூரணியில் மகளோடும் மருமகனோடும் இன்னும் பல வருஷம் இருந்தாள். எலும்பு ஓரளவு தேறியது. நன்றாகச் சாப்பிட்டாள், பேசினாள், தெருப் பெண்களோடு ரேஷன் கடையில் சண்டை போட்டாள். செவ்வந்திக்கு நாற்பத்தைந்து ஆனபோது, "நீயும் ரத்தத்தைக் கொடுத்துப் பாருடி, எலும்பைப் படம் புடி. மாப்பிள்ளைகிட்ட நான் சொல்றேன்" என்று விடாமல் நச்சரித்து டாக்டரிடம் அனுப்பினாள்.

ஆனால் சாயங்காலங்களில் சில நாள், ஒரு காரணமும் இல்லாமல், கையிலிருக்கும் வேலையை நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிடுவாள். செவ்வந்தி பதறிப்போய், "என்னம்மா பண்ணுது? அசதியா இருக்கா? தாகமா இருக்கா?" என்று கேட்பாள்.

"இல்லடி. ஒங்கப்பனை நெனைச்சேன்" என்பாள்.